மீட்டருக்கும் வாய் வேண்டும்

சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் குளுக்கோமீட்டர் இன்று தெர்மாமீட்டர் போலச் சாதாரணப் பொருளாகிவிட்டது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் சில விநாடிகளில் ஸ்கிரீனில் எண் வந்துவிடும். எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் முடிவு செய்கிறார்கள்.

பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கக்கூடியது. என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. பேரன் ஸ்கூல் விட்டு வந்த பிறகுதான் அவருக்கு டெஸ்ட். நடுவில் தலை சுற்றினால் சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெரியாது. இறங்கியிருக்கும்போது இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பேசும் கருவி செய்வது அவ்வளவு கடினமா? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978லேயே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற பேசும் பொம்மையை விற்றது! பேசும் மீட்டர்களும் வந்திருக்கின்றன. ஆனால் சில மீட்டர்கள் ரிசல்ட்டை மட்டும் சொல்லிவிட்டு, மெமரி, தேதி செட்டிங், எரர் என்று வந்தால் மௌனமாகிவிடும். அமெரிக்காவில் வெளிவந்த 'புரோடிஜி வாய்ஸ்' இவற்றையும் பேசியது. எனவே இது முடியாத காரியம் அல்ல.

சில மீட்டர்கள் ப்ளூடூத் மூலம் ரீடிங்கை மொபைலுக்கு அனுப்புகின்றன. மொபைலில்தான் ஸ்கிரீனைப் படித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் இருக்கின்றனவே என்பீர்கள். ஆப் எழுதியவர் பட்டனுக்குப் படம் மட்டும் வைத்து, பெயர் தராமல் விட்டிருந்தால், அது எதற்கான பட்டன் என்பதை டாக்பேக்கால் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம். ஆண்ட்ராய்டில் அந்தப் பெயரைத் தர ஒரு வரி கோடிங் போதும். (அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட புரோகிராமர்களில் நானும் ஒருவன். பெரியப்பா மொபைலைத் தடவித் தடவித் திணறியதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.)

இதைக் கம்பெனிகளின் இரக்கத்துக்கு விடக் கூடாது என்பது என் கருத்து. பார்வையற்றோரும் மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்த வழிசெய்யும் மசோதா ஒன்று 2023ல் அமெரிக்க காங்கிரசில் கொண்டுவரப்பட்டது. இங்கும் விற்பனை அனுமதி தரும்போதே இதைச் சோதிக்க வேண்டும்.

அடுத்த முறை மீட்டர் வாங்கும்போது கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு மெமரி பட்டனை அழுத்திப் பாருங்கள். பேசவில்லை என்றால், பேசும் மாடல் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.