காட்டு வழிக்கு எந்த வண்டி?

நம் கல்லூரிச் சைக்கிள் ஸ்டாண்டில் இன்று சைக்கிள் என்று பார்த்தால் நாலோ ஐந்தோதான் நிற்கின்றன. மற்றவை எல்லாம் மோட்டார் வண்டிகள். அவற்றின் நடுவே, என் வயதைக் காட்டிலும் மூத்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று வந்து நின்றுவிட்டால் போதும். வகுப்புக்கு மணி அடித்த பிறகும் அதைச் சுற்றி நிற்கும் கூட்டம் கலைவதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆலங்காயம் பக்கத்திலிருந்து வரும் எங்களுக்கு ஜவ்வாது மலை வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. வெளிநாடுகளில் காட்டுக்குள் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டும் பந்தயங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "நம் மலையில் நாமும் இப்படி ஓட்டினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு எந்த வண்டி வாங்கலாம் என்ற ஆராய்ச்சி, தேர்வுக்குப் படிப்பதைவிட மும்முரமாக நடக்கிறது. இதுபற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது நண்பர்களுக்குப் பாதி இனிக்கும், பாதி கசக்கும்.

இனிக்கும் பாதியை முதலில் சொல்கிறேன். காட்டு வழிக்கு டூ ஸ்ட்ரோக் வண்டிதான் ஏற்றது என்ற கட்சியில் நானும் சேர்ந்தவன். காரணம் எளிது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் சக்கரத்தண்டு இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முறை வெடிப்பு நிகழும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வால்வு, கேம் என்ற தலைச்சுமை கிடையாது. ஆகவே எஞ்சின் இலேசாகிறது. கை வைத்துப் பிரிப்பதும் எளிதாகிறது. பந்தயத் திடலில் 1997-இல் லாஸ் வேகாஸ் நகரில் டக் ஹென்றி யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வென்ற பிறகு, திறந்த திடல் பந்தயங்கள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்துவிட்டன. காடு மட்டும் சாயவில்லை. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் என்னும் இரும்புத் தாது மலையில் 1995 முதல் நடக்கும் கடும் பந்தயத்தில், 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்ற மானி லெட்டன்பிக்லர் ஓட்டியது 300 சி.சி. டூ ஸ்ட்ரோக் கே.டி.எம். வண்டியைத்தான். பாறை இடுக்கில் சிக்கிய வண்டியைத் தூக்கி நகர்த்த வேண்டிய இடத்தில் பத்துக் கிலோ குறைவு என்பது பத்துக் குதிரைத்திறனுக்குச் சமம்.

நம் நாட்டுக்கும் இதில் பழைய உறவு உண்டு. மைசூரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து தயாரான ஜாவா, பின்னாளில் யெஸ்டி என்று பெயர் மாறிய வண்டி, செக்கோஸ்லோவாக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவு முறை வண்டியான சி.இசட். மீதேறித்தான் ஜோயல் ரோபர் 1964, 1968, 1969 ஆண்டுகளில் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். யெஸ்டியில் உதைக்கும் நெம்புகோலே கியர் நெம்புகோலாகவும் இருக்கும் என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்!

இனி கசக்கும் பாதி. நண்பர்கள் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. காதால் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் வண்டி அதிகம் அலறுகிறதோ அதுவே சிறந்தது என்று எண்ணிச் சைலன்சரின் உள்குழாயை அறுத்து எறிகிறார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாய் அன்று. பருத்துப் பிறகு ஒடுங்கும் அதன் வயிறு, எரியாமல் நழுவும் கலவையை அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தக் கணக்கைக் கெடுத்தால் அடிவேகத்தில் இழுவை போய்விடும். காட்டில் வேண்டியதோ அடிவேக இழுவைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. போன கோடையில் ஒரு நண்பனின் ஆர்.எக்ஸ். 100-ஐ வாங்கிக்கொண்டு மலையடிவாரத்து வண்டிப்பாதையில் ஏறினேன். 98 சி.சி., 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். முதல் மேட்டிலேயே பாடம் கிடைத்தது. அந்த எஞ்சினின் வீரியமெல்லாம் 7000 சுற்றுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மெதுவாகப் போனால் இழுக்கவில்லை. திருகினால் பின் சக்கரம் சரளையில் சுழன்று வண்டி குறுக்கே திரும்பியது. முன் சக்கரம் 18 அங்குலம். ஒவ்வொரு கல்லிலும் முட்டி நின்றது. காட்டுப் பந்தய வண்டிகளுக்கு முன் சக்கரம் 21 அங்குலம், ஷாக் அப்சார்பர் ஆட்டம் ஓரடி என்பதன் பொருள் அன்று என் முழங்காலுக்குப் புரிந்தது. புழுதியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது, மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை புளியோடு என்னைத் தாண்டி ஏறிப் போனார். "தம்பி, வண்டி நல்லாத்தானே இருக்குது?" என்று வேறு கேட்டார். வண்டிக்குக் குறை ஒன்றும் இல்லைதான்.

ஆகவே என் தேர்வு முறை இது. முதலில், விழுந்தால் தனி ஆளாய்த் தூக்கி நிறுத்த முடிகிற எடை. அடுத்து, மெதுவாகப் போகும்போது இழுக்கும் எஞ்சின். அப்புறம் சக்கரமும் ஷாக்கும். வேகம் கடைசி. பழைய ஆர்.எக்ஸ். 100 தான் கைக்கு எட்டும் என்றால், பின்புறம் பெரிய பல்சக்கரம் மாற்றி, பட்டன் டயர் போட்டு, சைலன்சரை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். யெஸ்டி கனம், அதை நான் காட்டுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே இறங்கினால் பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் நின்று, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பதும் அதில் உண்டு. வெளிநாட்டுப் பந்தய வண்டிகள் இலட்சக்கணக்கில் விலை. சாலையில் ஓட்டப் பதிவும் கிடைக்காது. 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர் ஸ்ட்ரோக்தான், எடை 150 கிலோவைத் தாண்டும். ஆனால் 21 அங்குல முன்சக்கரம் உண்டு, அதிலேயே கல்லூரிக்கும் வரலாம். ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்பவருக்கு என் கட்சியை விட்டுக்கொடுத்து இதையே சொல்வேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவையின் ஒரு பங்கு எரியாமலே புகையாய் வெளியேறுகிறது. ஆயிலும் சேர்ந்து எரிகிறது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு நின்றது 1996-இல். அதே 1996 ஆகஸ்டில்தான் நம் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாலாற்றுக் கரைக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்துப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். அடுத்தவன் தொழிற்சாலைக் கழிவைக் குற்றம் சொல்லும் நாம், நம் சொந்தப் புகையை வீரம் என்று கொண்டாடுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கை ஒழித்துவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு இருக்கட்டும் என்கிறேன்.

அந்த விளையாட்டு காப்புக்காட்டுக்குள் வேண்டாம் என்பதுதான் நான் நண்பர்களோடு சண்டை போடும் இடம். அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாசி பிறந்தால் ஜவ்வாது மலைச் சருகு அப்பளம் போல் நொறுங்குகிறது. அறுத்த சைலன்சரிலிருந்து ஒரு பொறி போதும். அந்த ஒற்றையடிப் பாதைகளும் நமக்காகப் போட்டவை அல்ல. தலையில் சாமை மூட்டையோடு ஒரு தாய் வளைவில் எதிரே வந்தால் பிரேக் பிடிக்கவும் இடம் இருக்காது. இரவில் ஓட்டலாமே என்று ஒருவன் யோசனை சொன்னான். காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்து விண்மீன் பார்ப்பவர்கள் இருட்டைத் தேடித்தான் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நேரே இவன் ஹெட்லைட் போடப் போகிறானாம்!

எங்கள் பெரியப்பாவின் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிய பிறகு, தை முதல் ஆடி வரை நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு மேடு, ஒரு ஓடை, ஓரத்தில் பத்துப் பதினைந்து புளியமரம், வேண்டிய மட்டும் கல். பயத்தோடுதான் அவரிடம் கேட்டேன். வண்டிகளைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. "ஓட்டிக்கோங்கடா. வரப்பு இடிஞ்சா சாயந்திரத்துக்குள்ள நீங்களே மண்ணு வாரிக் கட்டிட்டுப் போவணும்" என்றார். வருகிற தை மாதம் மண்வெட்டி கொண்டுவரச் சம்மதிப்பவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள்.