வானொலிக் கதவும் வழிபாட்டுக் கதவும்

கடவுளைப் பற்றிப் பாட உரிமை பெற்றவர் யார்? அங்கி அணிந்த பாதிரியாரா, ஆலயத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீமானா, அல்லது பாவி என்று ஊர் ஒதுக்கிவைத்த ஏழையா? அமெரிக்க நாட்டில் 2004-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு பாட்டு. மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் பாட்டு. பெயர் 'ஜீசஸ் வாக்ஸ்'. ஏசு நடக்கிறார் என்று பொருள். பாடியவர் சிகாகோ நகரில் வளர்ந்த கறுப்பின இளைஞர் கான்யே வெஸ்ட்.

ஹிப்ஹாப் வகைப் பாட்டு அது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், வேலையும் இல்லை வசதியும் இல்லை என்று வாடிய மக்களிடையே 1970-களில் பிறந்த கலை. பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை எடுத்துச் சுழலவிட்டு, அந்தத் தாளத்துக்கு இசையச் சொற்களை அடுக்கிப் பேசுவதே அதன் முறை.

இந்தப் பாட்டுக்கு எடுத்த துண்டு எது தெரியுமா, தோழர்களே? நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் நிலையம் ஒன்று உண்டு. அதன் பாடகர் குழு பாடிய பக்திப் பாடல்தான் அது. போதைப் படுகுழியில் வீழ்ந்து எழுந்தவர்களின் குரல்! அந்தக் குரலை அடித்தளமாக வைத்து, அதன்மேல் பட்டாளத்து அணிவகுப்பின் முரசொலியை ஏற்றினார் வெஸ்ட். ரைம்ஃபெஸ்ட் எனும் சிகாகோ கவிஞர் வரிகளில் பங்கு கொண்டார். வயலின் மீட்டியவர் மிரி பென்-ஆரி. இஸ்ரேலில் பிறந்த யூதப் பெண்மணி.

பாட்டு சொல்லும் செய்தி சுருக்கமானது. கொலைகாரன், கஞ்சா விற்பவன், மேடையில் ஆடை களைந்து பிழைப்பவள் ஆகியோரோடும் ஏசு நடக்கிறார் என்கிறது. துப்பாக்கியையும் காமத்தையும் பாடினால் வானொலி வரவேற்கும், ஆண்டவன் பெயரைச் சொன்னால் வாயடைக்கும் என்று இசை வாணிபத்தையும் இடித்துரைக்கிறது.

வெறும் கற்பனைக் குற்றச்சாட்டா இது? இசைத்தட்டு நிறுவனத்தாரே தயங்கினார்கள். ஏசுவைப் பாடும் ஹிப்ஹாப் வானொலியில் எடுபடாது என்றார்கள். நடந்தது என்ன? வானொலி ஒலிபரப்பையும் விற்பனையையும் கணக்கிடும் பில்போர்டு பட்டியலில் பாட்டு 11-ஆம் இடத்தைப் பிடித்தது! மக்களின் சுவை இதுதான் என்று மக்களைக் கேளாமலே முடிவு கட்டிய வணிகரின் கணக்கு பொய்த்தது.

ஒரு கதவு திறந்தது. மற்றொன்று மூடிக்கொண்டது. கிறித்துவப் பக்தி இசைக்கென வழங்கப்படும் ஸ்டெல்லர் விருதுக்குரிய பட்டியலில் வெஸ்ட்டின் இசைத்தொகுப்பு இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் நீக்கப்பட்டது. தொகுப்பிலுள்ள மற்றப் பாடல்கள் உலகியல் ஆசைகளைப் பேசுகின்றனவே, அதற்குப் பக்தி விருதா என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

அந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒரு பாட்டில் ஆண்டவன், அடுத்த பாட்டில் ஆடம்பரம் என்றால், கேட்பவனுக்கு ஐயம் எழத்தான் செய்யும். ஆயினும் நாம் கேட்கிறோம்: தூயவர் மட்டுமே பாடலாம் என்றால், அந்த ஹார்லெம் பாடகர் குழு எந்த வாசல் வழியே உள்ளே வரும்? தவறி விழுந்தவனைத் தழுவிக்கொள்வதே எங்கள் சமயம் என்று மேடையில் முழங்குவது, அவன் மேடையேறிப் பாட வந்தால் முகம் சுளிப்பது! சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தொலைவை அளக்க வேறு அளவுகோல் வேண்டுமா?

வெஸ்ட் ஓயவில்லை. ஒரே பாட்டுக்கு மூன்று படங்கள் எடுத்தார். ஒன்றில், சங்கிலியில் பிணைக்கப்பட்டு வேலை வாங்கப்படும் கைதிகள் வருகிறார்கள்; கறுப்பரை வதைத்த கு குளுக்ஸ் கிளான் கூட்டத்தான் சிலுவையைச் சுமந்து வருகிறான். வதைபட்டவன், வதைத்தவன் இருவரையும் ஒரே பாட்டுக்குள் நிறுத்திப் பார்ப்பவரைத் திகைக்க வைத்தது அந்தப் படம்.

2005 பிப்ரவரியில் கிராமி விழா. சிறந்த ராப் பாடலுக்கான விருது இதற்குக் கிடைத்தது. விழா மேடையில் வெஸ்ட் இதைப் பாடியபோது உடன் நின்றவர்களில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் ஒருவர். மார்ட்டின் லூதர் கிங் நடத்திய உரிமைப் போராட்டத்துக்குக் குடும்பத்தோடு பாடித் துணைநின்ற மூதாட்டி! பக்தி இசையிலே பழுத்தவர் கை கொடுத்தார். பட்டியல் போடுவோர் கை விரித்தனர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மகிழலாம். முடியவில்லை. ஒதுக்கப்பட்டவர்க்காகப் பாடிய அதே வெஸ்ட், 2022-இல் யூத மக்கள்மீது வெறுப்பை உமிழ்ந்தார். அடிடாஸ் நிறுவனம் அவரோடு கொண்ட வணிக உறவை அறுத்துக்கொண்டது. அவருடைய புகழ்பெற்ற பாட்டிலே ஒலிக்கும் வயலின் யாருடையது என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஓர் இனத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உணர்ந்தவர் மற்றோர் இனத்தை இழித்துரைத்தால், அவரது பழைய பாட்டே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஆகவே பாடகரைப் பீடத்தில் ஏற்றவேண்டாம். பாட்டைக் குப்பையிலும் வீசவேண்டாம். அதைக் கேட்கும்போது அந்தப் பாடகர் குழுவின் குரல்களைக் கவனியுங்கள். பாட்டெழுதியோருக்கான அந்தக் கிராமி விருதில் மூவர் பெயர் உண்டு. ஹார்லெமில் பாடியவர்களின் பெயர்கள் இல்லை. போதையிலிருந்து மீண்டு, தோளோடு தோள் சேர்த்துப் பாடிய அந்த எளியோர் எந்த வாயிற்காவலரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் குரல் இல்லையேல் அந்தப் பாட்டே இல்லை!