மீன் தலையில் விஷம்!

மீன் வாங்கிய அன்று தலை யாருக்கு என்று வீட்டில் ஒரு சண்டை நடக்கும். சதையைவிடத் தலைக்குத்தான் ருசி. அதிலும் சிவப்பு மீன் தலை என்றால் கேட்கவே வேண்டாம்.

2016-ம் ஆண்டு மங்களூர்ப் பக்கத்தில் அப்படி ஆசையோடு தின்றவர்களில் நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாந்தி, பேதி, உடம்பெல்லாம் வலி! அவர்கள் தின்றது, மீன் ஆலையில் சதையை வெட்டி எடுத்தபின் மிஞ்சிய தலைகள்.

மீன் கெட்டுப்போயிருந்ததா? இல்லை. புத்தம்புது மீனிலும் இந்த விஷம் இருக்கும்.

அது பவளப்பாறைகளில் வாழும் பெரிய சிவப்பு மீன். நாம் வாங்கும் செப்பிலிக்குச் சொந்தம். 50 வருஷத்துக்கு மேலும் உயிர் வாழும். வில்லங்கமே அதில்தான். பாறையில் படரும் பாசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் ஒட்டியிருக்கிறது. விஷம் அதனுடையது. பாசியைச் சின்ன மீன் மேய்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்குகிறது. வருஷக்கணக்கில் விஷம் சேர்கிறது. மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்ற மனிதன்தான் படுக்கிறான்! ஈரல், குடல், தலை, சினை இவற்றில் விஷம் அதிகம்.

வேகவைத்தாலும் பொரித்தாலும் ஐஸில் போட்டாலும் அது போகாது. புளியும் மஞ்சளும் இதனிடம் தோற்றுவிடும். வாசனையிலும் தெரியாது. உதடும் விரலும் மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவதுபோல் இருக்கும். சிலருக்கு இந்த உபத்திரவம் வாரக்கணக்கில் நீடிக்கும்.

இது புது வியாதி அல்ல. 1774-ல் பசிபிக் கடலில் காப்டன் குக்கின் மாலுமிகள் ஒரு சிவப்பு மீனைத் தின்று இதேபோல் அவதிப்பட்டார்கள். அதன் குடலைத் தின்ற பன்றியும் தப்பவில்லை.

இதற்காகச் சிவப்பு மீன் எல்லாவற்றையும் கண்டு பயப்பட வேண்டாம். சின்ன மீனில் ஆபத்து குறைவு. பெரிய பாறை மீனின் தலை மலிவாக வந்தால் மட்டும், என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். மீன் தின்றபின் வாய் மரத்தால் உடனே டாக்டரிடம் போங்கள். என்ன மீன் தின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் சதைக்குப் பரிசோதனை உண்டு. அதே மீனின் தலை கூலிக்காரர் வீட்டுச் சட்டிக்குப் போகும்போதும் அந்த அக்கறை வேண்டாமா? மீனின் பெயரும் பிடித்த இடமும் தெரியாமல் ஆலையிலிருந்து ஒரு தலைகூட வெளியே போகக் கூடாது. அதிகாரிகள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு இன்னொன்று: பெரிய பாறை மீனின் ஈரலையும் குடலையும் எறிந்துவிடுங்கள். பூனைக்குப் போடாதீர்கள். அதற்கும் இதே கதிதான்.