மக்கர் பண்ணும் பிஸ்டலும் உறைந்துபோன தேங்காய் எண்ணெயும்

இது துப்பாக்கி பற்றிய பதிவு. பயப்பட வேண்டாம், கொள்ளை, சுடுகாடு எதுவும் வராது. ப்ளஸ் டூ படிக்கிற என் பெண் சுடுகிற, வட்டம் போட்ட காகிதத்தைத் தவிர வேறு யாருக்கும் தீங்கு செய்யாத .22 டார்கெட் பிஸ்டல் பற்றியது.

தில்லிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெண் குழந்தை என்றால் பரதநாட்டியம், பையன் என்றால் கிரிக்கெட் கோச்சிங் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் வீட்டில் கணக்கு தவறிப் போனது. ஊரிலிருந்து மாமியார் போன் பண்ணும்போதெல்லாம், "பொண்ணு கையில துப்பாக்கி எதுக்கு மாப்ளே?" என்று ஆரம்பிப்பார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் ஒலிம்பிக்ஸில் சுடப் போன கதையைச் சொல்லித்தான் சமாளிக்கிறேன். (அவர் சுடுவது ஏர் ரைஃபிள் என்கிற விவரத்தை மாமியாரிடம் சொல்வதில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரியில் கிளப்பில் ஒரு மேட்ச். 25 மீட்டர் பிஸ்டல். மொத்தம் 60 ஷாட். முதல் 30 நிதானமாகச் சுடலாம், ஐந்து ஷாட்டுக்கு ஐந்து நிமிஷம். அடுத்த 30 அப்படியில்லை. டார்கெட் 3 விநாடி முகம் காட்டும், அதற்குள் கையைத் தூக்கி ஒரே ஒரு ஷாட். பிறகு 7 விநாடி இடைவெளி. இப்படி ஐந்து முறை. பெண் முதல் பாதியை நன்றாக முடித்துவிட்டாள். இரண்டாம் பாதியில், மூன்றாவது ஷாட் சுட்டதும் காலிக் கூடு வெளியே போகாமல் போல்ட்டின் வாயில் புகைக்கூண்டு மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அவள் ஒரு விநாடி கூட யோசிக்காமல் இடது கையால் போல்ட்டை இழுத்து அதைத் தட்டி விட்டாள்.

அங்கேதான் போச்சு. பிஸ்டல் மக்கர் பண்ணினால் அதை டார்கெட் பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்து, குற்றம் பிஸ்டலுடையதோ தோட்டாவுடையதோ என்றால் மறுவாய்ப்பு தருவார். அவர் பார்ப்பதற்கு முன் நாமே போல்ட்டைத் தொட்டுவிட்டால் அது 'அனுமதிக்கப்படாத' கோளாறு. சுடாத ஷாட்டுகளுக்கு சைபர். இரண்டு ஷாட், இருபது புள்ளி. பயிற்சிக் குழுவுக்கு ஆள் எடுக்கிற மேட்ச் அது. அவள் பெயர் பட்டியலில் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோவில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீதானேப்பா பிராக்டிஸ்ல, ஸ்டக் ஆனா சட்டுனு இழுத்து விட்டுட்டு சுடுன்னு சொன்னே?"

சொன்னது நான்தான். தோட்டா வீணாகக் கூடாது, நேரம் வீணாகக் கூடாது என்று. மூன்று மாதமாக அந்தப் பிஸ்டல் அவ்வப்போது மக்கர் பண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஏன் என்று பார்க்காமல், தட்டிவிட்டு ஓட்டப் பழக்கியிருக்கிறேன். ஆபீஸில் யாராவது சர்வரை இப்படி ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே ஓட்டினால் கத்துவேன்.

மேட்ச் முடிந்த வாரம் மற்ற அப்பாக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கிளப் பிஸ்டலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க, சொந்தமா ஒண்ணு வாங்குங்க." "ட்ரிகரை லேசாக்கிட்டா போதும்." "கிரிப்பை மாத்துங்க, அப்புறம் பாருங்க." பார்டினி, மோரினி, ஸ்டேயர், வால்தர் என்று பெயர்கள் விழுந்தன. எல்லாம் ஐரோப்பியச் சரக்கு. இறக்குமதி, லைசென்ஸ் எல்லாம் சேர்ந்தால் சில லட்சங்களும் பல மாதங்களும். நானும் பி.எஃப். பேலன்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தடுத்தவர் எங்கள் கிளப் ஆர்மரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார், எல்லோருக்கும் 'சாப்'. "சார், எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, பெண்ணிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். மேகசின்களில் 1, 2, 3 என்று பெயின்ட்டால் எழுதச் சொன்னார். ஒவ்வொரு மக்கரையும் குறிக்க வேண்டும். எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எந்தப் பெட்டித் தோட்டா, என்ன ஆனது, மணி என்ன. இதற்கிடையில் பிஸ்டலை யாரும், குறிப்பாக நான், நோண்டக் கூடாது.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். இந்த .22 தோட்டா ரிம்ஃபயர் வகை. 1887-இல் வந்த வடிவம், இன்றும் அதேதான். பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பை அடித்தால் வெடிக்கும். மடிப்பில் ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் போனால், அங்கே அடி விழுந்தால் 'க்ளிக்' மட்டும்தான். குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகு பூச்சு. அந்த மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து சேம்பர் வாயில் வளையமாகப் படியும். சுட்ட வேகத்தில் காலிக் கூடே பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளும். எக்ஸ்ட்ராக்டர் என்கிற கொக்கி விளிம்பைப் பிடித்திருக்கும், எஜெக்டர் தட்டி வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை எடுத்துப் போடும். தோட்டாவில் இருப்பது துளி மருந்து. அதன் சக்தியில்தான் இத்தனையும் நடந்தாக வேண்டும். சின்ன அழுக்கு கூட அதற்குப் பெரிய மலை.

ஆகவே மக்கர் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 'க்ளிக்' என்று மட்டும் கேட்டால், கொஞ்ச நேரம் டார்கெட் பக்கமே பிடித்திருந்துவிட்டு, தோட்டாவை எடுத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். அடி ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டா மேல். லேசாக இருந்தால் ஊசியில் அழுக்கு, அல்லது ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது சேம்பரில் அழுக்கு சேர்ந்து தோட்டா முழுதாக உள்ளே உட்காரவில்லை. கடைசித் தோட்டா மட்டும் ஏறாமல் தகராறு செய்தால் மேகசின் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். காலிக் கூடு பாதியில் மாட்டினால் கொக்கி, எஜெக்டர், அல்லது போல்ட் முழு தூரம் பின்னால் போகவில்லை. நோட்டு போடாமல் இதில் ஒன்றைக் கூடக் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு நினைவிருப்பது 'அடிக்கடி மாட்டுது' என்பது மட்டும்தான்.

மூன்று வாரத்தில் நோட்டில் 21 வரி. அதில் ஐந்து, இரண்டாம் நம்பர் மேகசின், கடைசித் தோட்டா. இரண்டு 'க்ளிக்'. மீதி 14-ம் காலிக் கூடு மாட்டியது, அத்தனையும் காலை பத்து மணிக்கு முன்னால்! மத்தியான பிராக்டிஸில் ஒன்றுகூட இல்லை.

பெண் இதை சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கமணி பாத்ரூம் ஹீட்டர் மேல் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வைத்து உருக்கிக்கொண்டிருந்தார். தில்லியில் குளிர்காலம் கழித்த எல்லாத் தமிழர்களுக்கும் இந்தக் காட்சி தெரியும். ஊரில் வருஷம் முழுக்கத் தண்ணீர் மாதிரி இருக்கும் எண்ணெய் இங்கே நவம்பரிலேயே கல்லாகிவிடும். பெண் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, அக்டோபர்ல பிஸ்டலுக்கு என்ன ஆயில் போட்டே?"

சாப் லீவில் இருந்த ஒரு நாள், பைக்குக்கு வாங்கி மீந்திருந்த 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலை ஒரு குட்டி டப்பாவில் கொண்டுபோய் தாராளமாக விட்டிருந்தேன். ஆயில் ஆயில்தானே என்று. அது கரியோடு சேர்ந்து பசையாகி, ஐந்து டிகிரி காலையில் போல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற இளகிவிடும். நான் இஞ்சினியர் என்பதை இந்த இடத்தில் யாரும் நினைவூட்ட வேண்டாம் :-)

சாப் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தார். சால்வென்ட், நைலான் பிரஷ், கொக்கியின் பின்பக்கத்துக்கு ஒரு பல் குத்தும் குச்சி. அங்கிருந்து வந்த கரியை வைத்துக் கண்மை போடலாம். பிறகு மெல்லிய ஆயில், இரண்டே சொட்டு. இரண்டாம் நம்பர் மேகசினுக்கு ஸ்பிரிங் சொல்லிவிட்டார். செலவு, லட்சங்கள் இல்லை, ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற காசு.

அப்கிரேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிரிப் விஷயத்தில் அந்த அப்பா சொன்னது சரி. வயது வந்த ஆண் கைக்குச் செய்த மரக் கிரிப்பை என் பெண் கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சாப் ஒரு சின்ன சைஸ் கிரிப்பை எடுத்து, அவள் உள்ளங்கைக்குத் தோதாகக் கொஞ்சம் மரத்தூள் பசை வைத்து, அரம் போட்டுக் கொடுத்தார். பெட்டி அளவு 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர். கிரிப்போடு பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும் என்பது விதி. பழுது என்ன என்று தெரிந்த பிறகு செய்த மாற்றம் இது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றினோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ட்ரிகர் வேறு கதை. இந்தப் போட்டிக்கு ட்ரிகர் எடை குறைந்தது ஒரு கிலோ. ஒரு கிலோ எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக்குகிறேன் என்று உள்ளே இருக்கும் கொண்டியைத் தேய்த்தால், எடை சோதனையில் தோற்பது பரவாயில்லை, ஒரு இழுப்புக்கு இரண்டு தோட்டா போகிற நிலை வரலாம். பக்கத்து லேனில் நிற்பதும் யாரோ பெற்ற பிள்ளை. 'நல்ல லேத் பட்டறை ஒன்று இருக்கிறது' என்று ஒருவர் சொன்னார். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், நண்பர்களாக இருந்தாலும்.

புதுசு வாங்கினால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2021 ஜூலை 25, டோக்கியோ. மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவில், எலக்ட்ரானிக் ட்ரிகர் வைத்த அவருடைய பிஸ்டல் நின்றுபோனது. (அது ஏர் பிஸ்டல், நம்முடையது போல ரிம்ஃபயர் இல்லை.) சரி செய்து வருவதற்குள் நேரம் ஓடிவிட்டது, 12-ஆம் இடம். உலகத்தின் நல்ல பிஸ்டல்களும் மக்கர் பண்ணும். 2024 பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது தனிக் கதை.

என்னைக் கேட்டால், கையில் காசு இருக்கிற பெற்றோர் முதலில் தோட்டாவில் போடுங்கள். ஒரே மாதிரி சுடாத தோட்டாவை வைத்துக்கொண்டு பிள்ளை குறையா பிஸ்டல் குறையா என்று தேடுவது வீண். இரண்டு மூன்று வகை வாங்கி, அதே பிஸ்டலில், தாங்கி வைத்துச் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் போகிறதோ, குளிரில் போல்ட்டை முழுதாகத் தள்ளுகிறதோ அதையே கிளப் மூலமாகச் சேர்த்து வாங்குங்கள். வேகம் ஜாஸ்தி உள்ள தோட்டா வேண்டாம், டார்கெட் பிஸ்டலின் உறுப்புகள் தாங்காது.

இப்போது பிஸ்டலைத் துடைப்பது அவள் வேலை. சாப் பக்கத்தில் நிற்பார், நான் நிற்பதில்லை. பிராக்டிஸில் வேண்டுமென்றே மேகசினில் ஒரு காலிக் கூட்டைக் கலந்து போடச் சொல்கிறாள் கோச்சிடம். மாட்டும்போது கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகுகிறாள். முதல் வாரம் இடது கை தானாகவே போல்ட்டுக்குப் போனது. போன ஞாயிறு போகவில்லை.

இரண்டாம் நம்பர் மேகசினுக்குச் சொன்ன ஸ்பிரிங் இன்னும் வரவில்லை.