ஹெட்போனை யார் முதலில் கழற்றுவது?

ஆரணியில் ஒரு பாட்டை எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம் என்பதைத் தெருதான் முடிவு செய்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியும் முன்னே ஊரை எழுப்பிவிடும். கல்யாண மண்டப வாசலில் சாதிப் பெருமை பேசும் சினிமாப் பாட்டு நள்ளிரவு வரை ஓடும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சட்டை நனைய ஆடுவார்கள். ஒருவரும் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள். அதே தெருவில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு இட ஒதுக்கீடு பற்றிப் பாடிய பாட்டை ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். பாட்டு முடிவதற்குள் யாராவது ஒரு பெரியவர் வந்து நிற்பார். “ஏம்பா, ஊர்ல வேற பாட்டே கிடைக்கலையா?” என்பார்.

அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பாட்டுகளை ஹெட்போனில் கேட்கிறார்கள். தறியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். செய்யாறு பேருந்தில் ஜன்னலோரம் கேட்கிறார்கள். கல்லூரி விடுதியில் போர்வைக்குள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. சிலைக்குக் கூண்டு என்றால் பாட்டுக்கு ஹெட்போன்.

இந்தக் குழுவை நேரில் பார்ப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில், தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அன்றைக்கு 19 பேர். பறையும் சட்டியும் கட்ட மோளமும் ஒரு பக்கம், எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ராக்கோடும் ராப்போடும் ஒரே மேடையில் நின்றது. பெயரும் சும்மா வந்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முன்வைத்த சாதி பேதமற்றவர்கள் என்ற அடையாளத்திலிருந்து எடுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம்மை எந்தச் சாதிப் பெயரில் எழுதும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை, நூறு வருடம் கழித்து ஒரு இசைக்குழு தன் பெயராக வைத்துக்கொண்டது.

அந்தக் குழுவின் கச்சேரிக் கூட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். வீட்டில் நூறு தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் சட்டியில் முதல் அடி விழும்போது அது காதுக்குப் போவதில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. இரண்டாவது அதிர்ச்சி அதைவிடப் பெரியது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கும் அதே வரி மனப்பாடம். அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கும் மனப்பாடம். இத்தனை நாள் நம் காதுக்குள் தனியாக ஓடியது, ஆயிரம் பேர் காதுக்குள்ளும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிகிறது. மாட்டுக்கறி பற்றி, மலக்குழி மரணம் பற்றி, ஆணவக்கொலை பற்றிப் பாட்டு வருகிறது, கூட்டம் ஆடுகிறது. ஊரில் தாழ்ந்த குரலில்கூடச் சொல்ல யோசிக்கும் ‘ஜெய்பீம்’ இங்கே தொண்டை கிழியக் கேட்கிறது.

மேடையில் நின்றவர்களின் கோட் சூட்டும் கவனிக்க வேண்டியது. கானா பாடுகிறவர் கைலியில்தான் இருக்க வேண்டும், பறை அடிக்கிறவர் வெறும் உடம்போடுதான் நிற்க வேண்டும் என்று யாரோ எழுதிவைத்திருந்த விதியை அந்த உடை கிழித்துப் போட்டது. அண்ணல் ஏன் கடைசிவரை கோட் போட்டார் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை. பெண்கள் அதிகம் இல்லாத கானாவில் இசைவாணி பாட வந்ததும் இதே மேடையில்தான். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

சரி, கச்சேரி முடிகிறது. ஊருக்குப் பேருந்து பிடிக்க ஓடுகிறோம். ஆர்க்காடு தாண்டும்போது தொண்டை கட்டியிருக்கிறது. விடியற்காலையில் ஆரணியில் இறங்கும்போது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஹெட்போனை எடுக்கிறது. இதைத்தான் நாம் பேச வேண்டும். நாலு மணி நேரம் பயணம் செய்தால்தான் சத்தமாகப் பாட முடியும் என்றால், அந்தச் சுதந்திரம் சென்னை மைதானத்தில் ஒரு மாலைக்கு வாடகைக்குக் கிடைத்தது மட்டுமே.

‘அதான் யூடியூபில் கோடிக்கணக்கில் கேட்கிறார்களே, பாட்டு ஊருக்கு வந்துவிட்டதே’ என்று சிலர் சொல்வார்கள். 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். நிலமற்ற மக்களின் கதை அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அறிவு எழுதியது. அது எல்லாக் கல்யாண மண்டபத்திலும் ஓடியது, எல்லாச் சாதிக்காரர்களும் ஆடினார்கள். அது யாருடைய நிலம், யார் உழுதார்கள் என்ற கேள்வியை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அந்தப் பாட்டையும் ‘நீயே ஒளி’யையும் கொண்டாடி அட்டை போட்டபோது, இரண்டையும் எழுதிய அறிவின் முகம் அதில் இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. ஆரணிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இங்கே நெய்த பட்டுப் புடவை வெளியூர்க் கடையில் வேறு ஊர்ப் பெயரில் விற்பதைப் பார்த்தவர்கள் நாம். சரக்கு போய்ச் சேரும், நெய்தவர் பெயர் போய்ச் சேராது.

ஆகவே பாட்டு பிரபலமாவது வேறு, பாட்டு சொல்வதை ஊர் காதுகொடுத்துக் கேட்பது வேறு.

சத்தமாகக் கேட்பதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய கைபேசியில் அம்பேத்கர் பாட்டு ரிங்டோனாக ஒலித்ததுதான் காரணம் என்பது வழக்கில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அதே வருடம் அக்டோபரில், டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். புனேயின் கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் 2020-இல் எல்கார் பரிஷத் வழக்கில் சிறைக்குப் போனார்கள். 2024 நவம்பரில், சில வருடங்களுக்கு முன் பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டியெடுத்து இசைவாணியை வசைபாடினார்கள், மிரட்டினார்கள். பாட்டுக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் பாட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த வேலைக்கான கூலியை எப்போதும் ஒரே தரப்பு உடம்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் ரசிகர்களாகிய நம்மிடம் ஒரு கேள்வி. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ரசிகர்கள் எல்லோரும் காலனியிலிருந்து வருகிறவர்கள் அல்ல. ஊர்த்தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுகிறோம். ஊருக்கு வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறோம். ஆனால் இரண்டு ஹெட்போனும் ஒன்றல்ல. காலனிப் பையன் ஊர்த்தெருவில் அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டால் அடி விழலாம், வழக்கு விழலாம், அவன் அப்பாவுக்கு வேலை போகலாம். ஊர்த்தெருப் பையன் தன் வீட்டு வாசலில் போட்டால் அப்பா திட்டுவார், சித்தப்பா முகம் தூக்குவார், இரண்டு நாள் சோறு கசக்கும். யாருக்கு ஆபத்து குறைவோ அவர்தான் ஹெட்போனை முதலில் கழற்ற வேண்டும்.

‘எதிர்ப்பது பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, நாங்கள் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?’ என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் தோழர்களும் உண்டு. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. மேடையில் யார் பேசுவது, பாட்டை யார் எழுதுவது, வருமானம் யாருக்கு என்ற இடங்களில் பின்வாங்கி நிற்பதுதான் சரி. சொந்த வீட்டுக் கூடத்தில் பின்வாங்கி நிற்பதற்கு அடக்கம் என்று பெயர் வைக்க முடியாது. அங்கே பேச நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை.

இங்கிலாந்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1976-இல் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியபோது, அதைக் கேட்டுக் கொதித்த வெள்ளை ரசிகர்கள் சிலர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். நிறவெறிக்கு எதிரான ராக் என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்து போய் தி கிளாஷையும் ஸ்டீல் பல்ஸையும் கேட்டார்கள். நமக்கு முக்கியமான பாடம் அந்தப் பெரிய கூட்டம் மட்டுமல்ல. அந்த இயக்கம் லண்டனோடு நின்றுவிடவில்லை. சின்னச் சின்ன ஊர்களில் ரசிகர்களே குழு அமைத்தார்கள், உள்ளூர் அரங்குகளைப் பிடித்தார்கள், வெள்ளையர்களின் பங்க் குழுவையும் கறுப்பர்களின் ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். தங்கள் ஆட்கள் நடுவிலேயே நின்று பேசினார்கள்.

இங்கேயும் தொடக்கம் இல்லாமல் இல்லை. 2020-இல் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அடுத்த வருடமே மதுரைக்கும் கோவைக்கும் போனது. சபாக்களின் மாதம் என்று எழுதிவைத்திருந்த மார்கழியில் ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடை ஏறின. அடுத்த கட்டம் ஆரணி மாதிரியான ஊர்கள்தான். அதற்குச் சென்னையைக் காத்திருக்கத் தேவையில்லை. விடிய விடியக் கூத்து பார்த்துப் பழகிய மண் இது. கண்ணப்பத் தம்பிரானின் புரிசை பக்கத்தில்தான் இருக்கிறது. மைதானம் இருக்கிறது, பம்பைக்காரர் இருக்கிறார், சட்டி அடிக்கிறவர் இருக்கிறார், பொது இடத்தில் உட்கார்ந்து கேட்கும் பழக்கமும் இருக்கிறது. அந்த மைதானத்தில் யார் எங்கே உட்கார்வது என்ற பழைய கணக்கை அழிப்பதுதான் மிச்ச வேலை.

வேலை என்றால் என்ன? ஏப்ரல் 14-க்குக் காலனியில் மட்டும் நடக்கும் பாட்டுக் கச்சேரியை, ஊர் நடுவில் நடத்த அனுமதி கேட்கும் மனுவில் ஊர்த்தெருப் பிள்ளைகள் முதல் கையெழுத்துப் போடுவது வேலை. சாவுக்கு அடிக்கக் கூப்பிடும் கலைஞரை மேடைக்குக் கூப்பிட்டு, சினிமாப் பாடகருக்குக் கொடுப்பது போல முன்பணம் கொடுத்து, பெயரை நோட்டீஸில் முதலில் போடுவது வேலை. கச்சேரியை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்பதும் வேலைதான். கடைசிப் பேருந்துக்குப் பயந்தே நம் தங்கைகள் எத்தனை கச்சேரியைத் தவறவிட்டிருப்பார்கள்? மேடையில் இசைவாணி நிற்கும்போது கீழே ஆரணிப் பெண் நிற்க வேண்டாமா?

கடைசியாக, உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் எப்போது? மண்டபத்தில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்று மைக்செட்காரர் மாப்பிள்ளையின் நண்பர்களிடம்தான் கேட்பார். அந்த நண்பர் நீங்களாக இருக்கக்கூடும். சாதிப் பெருமைப் பாட்டு ஓடும் ஸ்பீக்கரில், சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டைப் போடுங்கள். மாமா எழுந்து வருவார். வரட்டும். பாட்டு முடியும்வரை அவரோடு பேசிக்கொண்டிருங்கள்.