திருமலைத் திட்டமும் நிபுணர் ஊதியமும்

திருகோணமலைக்குத் திட்டம் வரையாத அரசாங்கம் அரிது. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தைக் கையளித்த நாள்தொட்டு, இவ்வியற்கைத் துறைமுகத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு படம் வரைந்து விடை கூறி வந்துள்ளனர். 2010களின் பிற்பகுதியில் பெருந்திட்டப் பணி சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் கூடித் திருமலையை எரிசக்தி மையமாக்க உடன்பட்டன. இனியும் படங்கள் வரும், நிபுணரும் வருவர். அந்நிபுணர்க்கு ஊதியம் கொடுப்பவர் யார், எந்தக் கணக்கிற் கொடுக்கின்றனர் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கின்றோம்.

இது கணக்காளர் விவகாரம், கமக்காரனுக்கு இதில் என்ன என்று எண்ணுவோர் சம்பூரை நினைத்துக்கொள்வாராக. 2006இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களில் வாடிய வேளையிலேயே, 2012இல் அவர்தம் ஊரின் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இலேதான் அவ்வறிவித்தல் நீங்கியது. முத்துநகரிலோ, துறைமுக அதிகாரசபைக்கு உரியதெனக் கூறப்பட்ட வயல் நிலம் சூரிய மின் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட, 2025இல் உழவர் மாவட்டச் செயலக வாயிலில் அமர்ந்து போராட நேர்ந்தது. படத்தில் வெற்றிடமாகத் தெரிவது நிலத்தில் வெற்றிடமன்று. அதனைக் கண்டறிய ஒருவன் காலால் நடக்க வேண்டும். குளக்கட்டில் நின்று வட்டை விதானையிடம் விசாரிக்க வேண்டும். மாரி ஒன்று, கோடை ஒன்று பார்க்க வேண்டும். அந்நாட்களுக்கு ஊதியம் உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

நகர அமைப்பு ஆலோசகர் ஊதியம் பெறும் வழிகள் பல. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்பது ஒன்று. கட்டடக் கலைஞரிடமிருந்து வந்த வழக்கம் இது. பரப்பளவுக்கு அல்லது மக்கட்தொகைக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. நிபுணர் உழைக்கும் மாதங்களைக் கணக்கிடுவதும் உண்டு. மொத்தத் தொகை பேசி, ஆரம்ப அறிக்கை, வரைவு, இறுதி அறிக்கை எனத் தவணையாகக் கொடுப்பதும் உண்டு. இவற்றுள் முதலாவதே ஆபத்தானது என்பது நம் துணிபு. செலவு பெருகப் பெருகத் தம் வரவும் பெருகுமாயின், சிக்கன வழியைச் சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்?

இங்கே பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்துப் பேரறிஞரை நினைவுகூர்தல் தகும். 1914-15இல் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்த அவர், தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்வீதிகள் போடும் யோசனையை மறுத்தார். தெருத்தெருவாய் நடந்து பார்த்து, சிற்சில இடிபாடுகளை மட்டும் நீக்கினாலே காற்றும் வெளிச்சமும் வரும், செலவும் பன்மடங்கு குறையும் எனக் காட்டினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். 1921இல் கொழும்புக்கும் திட்ட அறிக்கை வரைந்தவர் அவரே. செலவில் பங்கு என்ற முறையில் அவர் ஊதியம் பெற்றிருந்தால், தஞ்சையில் அவர் உரைத்த நல்லுரை அவர் பைக்கே நட்டமாகியிருக்கும்!

ஊதியத்தை ஒழுங்கு செய்யும் கடமை யாருடையது? பிரித்தானியாவில் 1914இலேயே நகர அமைப்பாளர் தமக்கெனச் சங்கம் கண்டனர். இந்தியாவில் 1951இல் கண்டனர். இலங்கையிலும் அத்தகைய நிறுவகம் உண்டு. விலைப்போட்டியில் தரம் கெடும் என்பது தொழிற்சங்கங்களின் பழைய வாதம். ஆனால், விலைப்போட்டியைத் தடைசெய்த பொறியியலாளர் சங்க விதியை 1978இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. விலையைக் கட்டிவைத்தல் மட்டும் ஒழுக்கமாகாது என்பதில் நமக்கும் உடன்பாடே. எனினும் குறைந்த கேள்விப்பத்திரத்துக்கே பணி என்றால், முதலில் வெட்டுப்படுவது களத்தில் நடக்கும் நாட்களே. மிஞ்சுவது வேற்றூர்ப் படத்தின் பிரதி. ஆதலால் தகுதிக்கு முதன்மையும் விலைக்குச் சிறுபங்கும் கொடுத்துத் தெரிவு செய்யும் முறையையே திருமலைக்கு வேண்டுகின்றோம்.

இதனினும் பெரிதொன்றுண்டு. திட்டம் வரைபவர் அத்திட்டத்தால் ஆதாயம் பெறும் முதலீட்டாளரிடமும் சம்பளம் வாங்கலாகாது. காணி கோரும் அதிகாரசபைக்கும் காணி இழக்கும் ஊருக்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறவேண்டியவர் இருகை நீட்டலாமா? சிறு அளவில் இக்கேடு நம் ஊர்களிலும் இல்லாமலில்லை. வீட்டுப் படத்தைத் தனியே கூலிக்கு வரைந்து, மறுநாள் அலுவலகத்தில் தாமே அதற்குச் சிபாரிசு எழுதும் உத்தியோகத்தரைப் பற்றி வாசகர் அறிவர். தமிழ்த் தொழிலறிஞர் இதைக் கண்டும் காணாதிருத்தல் அழகன்று.

ஆகவே திருமலை பற்றிய எந்த ஒப்பந்தத்திலும் ஊதியத் தொகையும் நிபுணர் மாதங்களும் வெளிப்படையாக அச்சிடப்படல் வேண்டும். தமிழ் பேசவும் வாசிக்கவும் தெரிந்தவர் குழுவில் எத்தனை பேர் என்பதும் அதிற் காணப்பட வேண்டும். வரைவு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகந்தோறும் வைக்கப்பட்டு, மூதூர், கிண்ணியா, குச்சவெளி மக்கள் தரும் ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் விடை கூறிய பின்னரே இறுதித் தவணை கொடுபடல் வேண்டும். உறுதியும் அனுமதிப்பத்திரமும் போரில் தொலைத்த குடும்பங்களின் உரிமையை விசாரிக்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் தனியே பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிடின் அவ்வேலை நடவாது.

இவற்றைக் கேட்பதற்கு அரசின் தயவை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபையிடமும் துறைமுக அதிகாரசபையிடமும் ஒப்பந்தப் பிரதியைக் கோர ஒரு கடிதம் போதும். அக்கடிதத்தைக் கமக்காரர் சங்கங்களுக்கு எழுதிக் கொடுக்கும் பணியைத் திருமலைச் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் நில அளவையாளரும், கட்டணமின்றி, இம்மாதமே ஏற்க வேண்டுகின்றோம்.