எழுத்தில்லா மொழியின் செல்வம்

எழுத்தும் நூலும் இல்லாத மொழியைத் தாழ்ந்த மொழி எனக் கருதுவோர் பலர். சில நூறு பேர் பேசும் மொழியை ஆராய்வதால் விளையும் பயன் யாதென வினவுவாரும் உளர். இவ்விரு கருத்தும் பிழையுடையன என்பதை மரே எமனோ என்னும் அறிஞரின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

எமனோ 1904-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் பிறந்தார். அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். 1935-இல் இந்தியாவிற்கு வந்து, நீலகிரி மலையை அடைந்தார். அங்கே எருமை வளர்த்து வாழ்ந்த தோடரும், மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து வாழ்ந்த கோத்தரும் தமக்கெனத் தனித்தனி மொழி உடையவர்கள். அம்மொழிகளுக்கு எழுத்து இல்லை. ஆதலின், மக்கள் வாய்மொழியே எமனோவுக்கு ஏடாயிற்று. செவியிற் பட்ட ஒவ்வோர் ஒலியையும் அவர் குறியீடுகளால் எழுதிக்கொண்டார். கோத்தருள் சுள்ளி என்பவர் தம் குலத்துக் கதைகளை அவருக்கு எடுத்துரைத்தார். அக்கதைகள் 1944 முதல் 1946 வரை நூலாக வெளிவந்தன. அந்நூலின் பெருமை எழுதியவருக்கு மட்டுமன்றிச் சொன்னவருக்கும் உரியதே.

தோடர் மொழியில் எமனோ கண்டது பெருஞ்செல்வம். ஒரு நிகழ்ச்சி நேர்ந்தால் அதனை அப்பொழுதே பாட்டாகக் கட்டிப் பாடும் ஆற்றல் தோடருக்கு உண்டு. அப்பாடல்களில் சொற்றொடர்கள் இணையிணையாக அமையும்; எதற்கு எது இணை என்பதனை மரபு வரையறுத்துள்ளது. ஏட்டில் எழுதாமலே இத்தகைய செய்யுள் நெறியைக் காத்துவந்த மொழியைத் தாழ்ந்ததென்பது எங்ஙனம் பொருந்தும்?

தாமஸ் பரோ என்பவருடன் இணைந்து எமனோ 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில், தமிழ்ச் சொற்களுக்கு அருகிலேயே இம்மலைமொழிச் சொற்களும் இடம் பெற்றன. தமிழிலும் கோத்தர் மொழியிலும் 'கண்' எனப்படுவது தோடர் மொழியில் 'கொண்' ஆகும். உடன்பிறந்த மொழிகளின் உறவு இத்தகைய சொற்களால் புலனாகின்றது. சிறுமொழியை அறியாதார் பெருமொழியின் வரலாற்றையும் முற்ற அறியார்.

எமனோவின் பொறுமையும் போற்றத்தக்கது. 1938-இல் களப்பணியை முடித்த அவர், தோடர் பாடல்களை 1971-இலும், தோடர் மொழி இலக்கணத்தை 1984-இல் தம் எண்பதாம் வயதிலும் வெளியிட்டார். நூற்றோராண்டு வாழ்ந்து 2005-இல் மறைந்தார்.

ஆயினும், ஏட்டில் எழுதிவைத்தல் ஒன்றே மொழியைக் காத்துவிடாது. பேசுவோர் நாவிலன்றோ மொழி வாழ்கின்றது? பிறர் நகைப்பிற்கு அஞ்சிச் சிறுவர் தம் தாய்மொழியைக் கைவிடுவாராயின், அம்மொழி ஏட்டில் மட்டுமே எஞ்சும். ஆதலின், தன் மொழியைப் போற்றுவோன் அயலான் மொழியை எள்ளலாகாது. அறிஞன் செய்யும் பணி சிலர்க்கே இயலும். எள்ளாதிருத்தல் எல்லார்க்கும் இயலும்.